கொசுறுப் பாட்டு

ஜனவரி 29, திங்கள்

அவர் போய் இன்றோடு நாற்பத்தோரு நாள்.

இந்த நோட்டு அவருடையது. கடையில் பாட்டு லிஸ்ட் எழுதி வைத்த நோட்டு. முக்கால்வாசி எழுதியிருக்கிறது, மீதி வெறும் தாள். நான் ஐந்தாவது வரைதான் படித்தேன். எழுத்துக் கூட்டி எழுத நேரமாகிறது. நேரத்துக்கு இப்போது என்ன குறை.

துணி துவைத்தேன். என்னுடையது மட்டும். நீல வாளியில் பாதிகூட வரவில்லை.

மகன் நாராயணன் ஓசூரிலிருந்து போன் பண்ணினான். மார்ச் மூணாம் தேதி ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வந்து என்னைக் கூட்டிப்போகிறானாம். இந்த வீட்டுக்கு வாடகைக்கு ஆள் பார்த்துவிட்டானாம். சரி என்றேன்.

ஜனவரி 31, புதன்

பக்கத்து வீட்டு ஆவுடையக்கா செல்போனோடு வந்தாள். "சும்மா சுவரையே பாத்துட்டு இருக்காதட்டி உலகு. என்ன பாட்டு வேணும், சொல்லு. எல்லாம் இதுக்குள்ள இருக்கு" என்றாள்.

ரயில் பாட்டைச் சொன்னேன். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து ஒருத்தி ஊர் ஊராகப் பேர் சொல்லிப் பாடுவாளே, அது. தேடி எடுத்துவிட்டாள். படம் அதே படம், பிள்ளை அதே பிள்ளை, சேலைகூட அதே மஞ்சள். ஆனால் பாட்டு அது இல்லை. இழுத்தது. பாடினவளுக்குக் காய்ச்சல் வந்து எழுந்த மாதிரி, பத்து வயது கூடின மாதிரி. வேறு பாட்டு போடச் சொன்னேன். அதுவும் இழுத்தது.

"நல்லாத்தான இருக்கு" என்றாள் ஆவுடையக்கா. அவள் கல்யாணமானதும் பம்பாய்க்குப் போய் முப்பது வருஷம் கழித்து வந்தவள்.

எனக்குக் காது போய்விட்டது போல.

பிப்ரவரி 2, வெள்ளி

காது டாக்டரிடம் போனேன். சின்னப் பையன்தான். என்ன செய்கிறது என்று கேட்டான். பாட்டு மெதுவாகக் கேட்கிறது என்றேன்.

"சத்தம் கம்மியா கேக்குதாம்மா?"

"சத்தம் சரியா இருக்கு. பாட்டுதான் நடந்து வருது. முன்னல்லாம் ஓடி வரும்."

"பேச்சு?"

"பேச்சு சரியா இருக்கு. நீங்க சரியான வேகத்துலதான் பேசுதிய."

நர்ஸ் பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினாள். டாக்டர் காதில் பீச்சி அழுக்கை எடுத்தான். வீட்டில் யாராவது இறந்தார்களா என்று கேட்டான். ஆமாம் என்றேன். அதனால்கூட அப்படித் தோன்றுமாம், கொஞ்ச நாளில் சரியாகுமாம்.

வந்து திரும்பக் கேட்டேன். அழுக்கு எடுத்ததால் இன்னும் தெளிவாக இழுத்தது.

பிப்ரவரி 5, திங்கள்

இந்த நோட்டின் முன்பக்கங்களை வாசித்தேன்.

எங்கள் வீட்டு முன்னறைதான் கடை. மோகனம் ரெக்கார்டிங் சென்டர். சங்கரன்கோவிலில் கேசட் பதிகிற கடை நாலு இருந்தது. ஆட்கள் வெறும் கேசட்டும் பாட்டு லிஸ்ட்டும் கொண்டுவருவார்கள். இவர் பெரிய இசைத்தட்டிலிருந்து ஒவ்வொன்றாகப் பதிந்து கொடுப்பார். ஒரு மணி நேரக் கேசட்டுக்குப் பன்னிரண்டு பாட்டு என்பது எல்லாக் கடையிலும் கணக்கு. இவர் கடையில் மட்டும் பதிமூன்று. பதிமூன்றாவது கொசுறு. காய் வாங்கினால் கறிவேப்பிலை கொடுப்பதில்லையா, அது மாதிரி. ஆனால் அது என்ன பாட்டு என்று கேட்கக் கூடாது. அவர் இஷ்டம். வீட்டுக்குப் போய்ப் போட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். சில பேர் கொசுறுக்காகவே வருவார்கள்.

நோட்டில் ஒவ்வொரு பேருக்குக் கீழும் ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை பாட்டு எழுதியிருக்கிறது. பதிமூன்றுக்கு நேராக "கொசுறு" என்று மட்டும். எந்தப் பாட்டு என்று எங்கேயும் எழுதவில்லை.

அவர் பதிந்த கேசட் ஒன்று கிடைத்தால் போட்டுப் பார்த்துவிடலாம், காதா பாட்டா என்று. அதற்காக மட்டும் இல்லை. அந்தச் சத்தத்தை ஒரு தடவை கேட்டுவிட்டு ஓசூர் போக வேண்டும். அங்கே போனால் எனக்கு யார் தேடித் தருவார்கள்.

வீட்டில் ஒன்றுகூட இல்லை. கரையான்.

பிப்ரவரி 8, வியாழன்

நோட்டில் முதல் பேர் ஞானப்பூ டீச்சர். கழுகுமலை ரோட்டில் வீடு. கேசட்டையெல்லாம் மகள் கல்யாணத்துக்கு வெள்ளையடித்தபோது தூரப் போட்டுவிட்டார்களாம். காப்பி கொடுத்தார்கள்.

காதைப் பற்றிச் சொன்னேன். டீச்சர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்கள்.

"உனக்குமா? நான் யார்ட்டயும் சொல்லல. போன்ல கேட்டா எல்லாம் சாவு வீட்டுப் பாட்டு மாதிரி இருக்கு. எனக்குத்தான் மூளை மங்குதுன்னு நெனச்சுட்டு இருந்தேன்."

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் சிரித்தோம். நான் சிரித்து நாளாயிற்று.

அவர்களுக்குக் கிடைத்த கொசுறு ஒன்று ஞாபகம் இருக்கிறதாம். தக்காளிக்காரி ஒருத்தி தராசை ஆட்டிக்கொண்டு பாடுகிற பாட்டு. "நான் எழுதிக் கொடுத்ததெல்லாம் நல்ல நல்ல ராகம். கடைசியில இது வந்து விழுந்துது. மொதல்ல கோவமா வந்துச்சு. பெறகு என் மகளுக்கு அதைப் பாடுனாத்தான் தூக்கமே வரும். இன்னைக்கு அவ அமெரிக்காவுல அவ பிள்ளைக்கு அதத்தான் பாடுதா" என்றார்கள்.

எனக்கும் அந்தப் பாட்டு பிடிக்கும். அவருக்குப் பிடிக்காது. ஏன் போட்டார் என்று தெரியவில்லை.

பிப்ரவரி 10, சனி

மூன்று வீடு. ஒருவரிடமும் இல்லை. வெயில்.

பிப்ரவரி 12, திங்கள்

ரேடியோ மெக்கானிக் தங்கப்பழம் அண்ணாச்சியிடம் போனேன். இவருடைய மெஷினுக்கெல்லாம் அவர்தான் வைத்தியர். இப்போது மிக்சி ரிப்பேர் செய்கிறார். நான் சொல்லி முடிக்குமுன்னே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"காதுக்கு ஒண்ணுமில்லம்மா. ஒங்க வீட்டுக்காரரு செய்த வேலை. பதியுத மெஷின்ல மோட்டாருக்குப் பின்னால ஒரு திருகு இருக்கும். அதை லேசாத் திருப்பி, ஓட்டத்தைக் குறைச்சு வச்சிருந்தாரு. பதியும்போது டேப்பு மெதுவா ஓடுனா எடம் மிச்சம். பதிமூணு பாட்டு அடங்கும். அதையே வீட்டு டேப்புல போட்டா அது சரியான வேகத்துல ஓடும். அப்ப பாட்டு?"

"வேகமா வரும்."

"வேகமாவும் வரும், கொரலும் மேல ஏறும். இந்த ஊரு முப்பது வருசமா அப்படித்தான் கேட்டுருக்கு. போன்ல வாறதுதான் அசல்."

மதுரையிலிருந்து ஒரு தடவை ஆடித்தபசுத் திருவிழாவுக்கு மெல்லிசைக் குழு வந்தது. கூட்டம் முழுக்க "இழுக்காதே, இழுக்காதே" என்று சத்தம் போட்டது. பாடுகிற ஆள், நாங்கள் ரெக்கார்டில் உள்ளபடிதான் பாடுகிறோம் என்று மைக்கில் சொல்லிப் பார்த்தார். யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. இவர் என் பக்கத்தில் நின்று வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார். இப்போதுதான் புரிகிறது ஏன் அவ்வளவு வேகமாகத் தின்றார் என்று.

"அப்ப ஊரை ஏமாத்துனாரா அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"நானும் கேட்டேன். பன்னெண்டு பாட்டக் கெடுத்து ஒரு பாட்டக் குடுக்கேரே, இது என்ன நியாயம்யான்னேன். அந்த ஒண்ணு போயே ஆகணும் அண்ணாச்சின்னாரு. அவ்வளவுதான்."

பேரனிடம் போனில் வேகத்தைக் கூட்டிக் காட்டச் சொன்னார். கூட்டலாமாம். ஓடியது. ஆனால் குரல் ஏறவில்லை. கனத்த ஆளை விரட்டி ஓடவிட்ட மாதிரி இருந்தது. அது இல்லை.

பிப்ரவரி 16, வெள்ளி

மினிபஸ் ஓட்டிய மாடசாமி வீடு. பஸ்ஸை விற்றபோது கேசட்டும் அதோடு போய்விட்டது. அவர் கொசுறு ஞாபகம் வைத்திருந்தார். புருஷன் பெண்டாட்டி அம்மியை யார் தூக்குவது என்று சண்டை போடுகிற பாட்டு. கேட்டுக் கேட்டுப் பஸ்ஸில் வருகிற சனமெல்லாம் கூடவே பாடுமாம்.

அதுவும் எனக்குப் பிடித்ததுதான். படம் நாலு நாள்கூட ஓடவில்லை. இருக்கட்டும். உலகத்தில் எத்தனையோ பாட்டு. இரண்டு எனக்கும் பிடித்ததாக அமைந்திருக்கும்.

பிப்ரவரி 19, திங்கள்

கரையான் என்று எழுதியது பொய். அவர் நோட்டில் பொய் எழுதி வைக்க வேண்டாம்.

போன வருஷம் கண் ஆபரேஷனுக்கு அவரை நாராயணன் மதுரைக்குக் கூட்டிப்போனான். நாலு நாள். அந்த நாலு நாளில் முன்னறை அலமாரியில் இருந்த கேசட்டையெல்லாம் சாக்கில் அள்ளி, பிளாஸ்டிக் எடுக்கிறவரிடம் போட்டுவிட்டேன். எட்டுச் சாக்கு. அதற்கு இரண்டு வாளி கொடுத்தார். நீலம் ஒன்று, சிவப்பு ஒன்று.

தூசி, பல்லி முட்டை என்று அப்போது ஆவுடையக்காவிடம் சொன்னேன். தூசி இருந்தது உண்மை.

கல்யாணமான புதிதில் அவரிடம் ஒரு கேசட் கேட்டேன். எனக்குப் பிடித்த பாட்டாகப் பதிந்து தாருங்கள் என்று. எனக்குப் பாட்டு ஒவ்வொரு வாரமும் மாறும். கல்யாண வீட்டுக் குழாய் ஸ்பீக்கரிலோ டீக்கடையிலோ ஒன்றைக் கேட்டுவிட்டால் அந்த வாரம் முழுக்க அதுதான் வாயில் கிடக்கும். அவர் ராகம் பார்க்கிறவர். "ஒனக்குக் காதுல வடிகட்டியே கெடையாதுட்டி உலகு. கல்லு மண்ணு எல்லாம் உள்ள போகுது" என்று சொல்லிச் சிரித்தார். கேசட் தரவில்லை. இரண்டு மூன்று தடவை கேட்டேன். பார்க்கலாம் என்றார். பிறகு நான் கேட்கவில்லை. ஊருக்கெல்லாம் பதிந்து கொடுத்தார். அலமாரி நிறைய இருந்தது. அதில் எனக்கென்று ஒன்று இல்லை.

மதுரையிலிருந்து ஒரு கண்ணில் கட்டோடு வந்தார். மற்ற கண்ணால் அலமாரியைப் பார்த்தார். "காப்பி போடு" என்றார். அவ்வளவுதான். கடைசி வரைக்கும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கேட்டிருக்கலாம்.

பிப்ரவரி 22, வியாழன்

பாத்திரம் கட்டினேன். இட்லிக் கொப்பரையை ஆவுடையக்காவுக்குக் கொடுத்தேன்.

பிப்ரவரி 26, திங்கள்

கிடைத்துவிட்டது.

நோட்டில் ஒரே பேர் பதினோரு தடவை வந்தது. கனி, தறி. அவ்வளவுதான் எழுதியிருந்தார். விசாரித்து விசாரித்து, திருவேங்கடம் சாலையில் விசைத்தறிக் கொட்டகை என்று கண்டுபிடித்தேன். ஆறு தறி ஓடுகிறது. வாசலில் நின்றாலே நெஞ்சு அதிர்கிறது. அந்தச் சத்தத்துக்கு மேலே ஏறி ஒரு பாட்டு வந்தது. ஓடி வந்தது.

நான் அங்கேயே, நூல் மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன்.

கனிக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். தலையெல்லாம் பஞ்சு. யாரென்று சொன்னதும் கையைப் பிடித்துக்கொண்டாள். "மைனி, அண்ணாச்சி போனது எனக்குத் தெரியாதே. யாரும் சொல்லலியே" என்று அழுதாள். அவளைத் தேற்றுவது என் வேலையாகிவிட்டது.

தறியோரம் ஒரு பழைய டேப்பு. பாட்டு கேட்பதற்கு அவள்தான் காவல். ஒரு நாளைக்கு ஒரு கேசட் மட்டும், அதுவும் ஒரு தடவை. அதற்கு மேல் ஓடினால் பெல்ட் சூடாகிவிடுமாம். கேசட்டெல்லாம் சேலை அட்டைப் பெட்டியில், துணி சுற்றி. அட்டையில் அவர் கையெழுத்து. பதிந்த தமிழ் மாதமும் வருஷமும் போட்டிருக்கிறார்.

"வேற கடையில பதிஞ்சது எதுவும் இங்க எடுபடாது மைனி. தறிச் சத்தத்துக்கு அடியில போயிரும். அண்ணாச்சி கேசட்டுதான் மேல எந்திரிச்சு வரும். கைராசி."

திருகு பற்றி நான் சொல்லவில்லை.

பதிமூன்றாவது பாட்டு வந்தது. சோளக்காட்டில் கிளி விரட்டுகிற பாட்டு. குச்சியில் நூலேற்றித் தார் சுற்றுகிற பிள்ளைகள், இருபது வயதுகூட இருக்காது, அதோடு சேர்ந்து பாடினார்கள், அதே ஏற்றத்தில். அவர்கள் பிறக்கும்போது கடையே கிடையாது.

அந்தப் பாட்டை நான் மறந்துபோயிருந்தேன். வீட்டில் பத்து நாள் விடாமல் பாடி, மாமியாரிடம் ஏச்சு வாங்கினேன்.

"இதெல்லாம் யாரு மைனி எடுத்துக் குடுப்பா?" என்றாள் கனி. "நான் ஒரு நாள் அண்ணாச்சிட்டயே கேட்டேன், கொசுறுக்கு மட்டும் இப்படிப் பாட்டெல்லாம் எங்கருந்து புடிக்கியன்னு. 'உள்ள ஒரு ரேடியோ பாடிக்கிட்டே கெடக்கு கனி. என்னேரமும் ஒரே ஸ்டேஷன். இந்த வாரம் அதுல என்ன ஓடுதோ அதுதான் கொசுறு'ன்னாவ."

எங்கள் வீட்டில் ரேடியோ கடையில்தான் இருந்தது. அடுக்களையில் கிடையாது.

தறி ஓடிக்கொண்டே இருந்தது. நான் அவள் காதருகே போய், "வீட்டுல இருந்த கேசட்டெல்லாம் நான் வாளிக்குப் போட்டுட்டேன் கனி" என்றேன். யாரிடமும் இதுவரை சொன்னதில்லை.

கனி என்னைப் பார்த்தாள். "அதுக்கென்ன. இங்க பதினொண்ணு இருக்குல்லா. நாளைக்கு வாங்க" என்றாள்.

பிப்ரவரி 27, செவ்வாய்

கொசுறு: வளையல்காரன் பாட்டு. மழையில் ஒதுங்கி நின்று கேட்டுவிட்டு வந்து நான் பாடியது.

பிப்ரவரி 28, புதன்

கொசுறு: சின்னப் பிள்ளை தாத்தாவுக்கு மீசை வைக்கிற பாட்டு. இதைப் பாடும்போது அவர் முன்னறையிலிருந்து "கொஞ்சம் மூடுட்டி" என்றது ஞாபகம் இருக்கிறது. மூடச் சொல்லிவிட்டுப் பதிந்திருக்கிறார்.

பிப்ரவரி 29, வியாழன்

சும்மா உட்கார்ந்திருக்க வேண்டாம் என்று தார் சுற்றக் கற்றுக்கொண்டேன். நூல் அறுகிறது. பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

மார்ச் 3, ஞாயிறு

நாராயணன் வண்டியோடு வந்தான். நான் சாமான் எதையும் வாசலுக்கு எடுத்து வைக்கவில்லை.

"என்னம்மா இது? வண்டிக்காரரு நின்னுட்டு இருக்காரு."

"ஒரு மாசம் கழிச்சு வாரேன்டா. வாடகைக்கு வாறவங்கள்ட்ட சொல்லிரு. தறிக்கு ஆள் வேணுமாம்."

"ஒனக்கு என்னம்மா தறி தெரியும்?"

"தார் சுத்துதேன். நேத்து ஒரு தடவதான் அறுந்துச்சு."

கோபித்துக்கொண்டான். அப்புறம் வடை தின்றான். அவன் அப்பாவைப் போலத்தான், தின்னும்போது வாயைத் திறக்க மாட்டான். பழைய மிக்சியையும் கட்டிலையும் மட்டும் ஏற்றிவிட்டேன், வண்டி வெறுமனே போக வேண்டாம் என்று. ஏறும்போது, "ஒனக்கு நல்லா இருக்குல்லா?" என்று கேட்டான். இருக்கு என்றேன்.

மார்ச் 6, புதன்

இன்று கரண்ட் இல்லாத நாள். தறி நின்றுவிட்டது. பிள்ளைகளுக்கு லீவு. கனியும் நானும் மட்டும். டேப்புக்கு பேட்டரி வாங்கிப் போனேன்.

பெட்டிக்கு அடியில் ஒரு கேசட் துணி சுற்றாமல் கிடந்தது. அதைப் போடச் சொன்னேன்.

"அது வேண்டாம் மைனி. அது ஒண்ணுதான் அண்ணாச்சிக்குச் சரியா அமையல. எல்லாப் பாட்டும் இழுக்கும். கொசுறும் வைக்கல. நான் போய்ச் சண்டை போட்டேன். 'இந்த மாசம் கொசுறு கெடையாது கனி'ன்னாவ. ஒடம்பு கிடம்பு சரியில்லையோ என்னவோ. நான் அதைப் போடவே மாட்டேன்."

அட்டையை வாங்கிப் பார்த்தேன். ஐப்பசி 88.

நாராயணன் பிறந்தது அந்த ஐப்பசியில். தலைப்பிரசவம். ஆவணியில் வளைகாப்புப் போட்டு அம்மா என்னைப் புளியங்குடிக்குக் கூட்டிப்போனாள். தையில்தான் பிள்ளையோடு திரும்பி வந்தேன்.

"பரவால்ல, போடு" என்றேன்.

பன்னிரண்டு பாட்டும் நடந்துதான் வந்தன. ஆவுடையக்கா போனில் வருகிற மாதிரியே. அந்த மாசம் ஓட்டத்தைக் குறைக்கவில்லை. திருகைத் திரும்பவும் சரியான இடத்தில் வைத்திருக்கிறார். பன்னிரண்டாவது முடிந்ததும் கனி நிறுத்தக் கையை நீட்டினாள். இருக்கட்டும் என்றேன்.

டேப்பு ஓடியது. அதில் ஒன்றும் இல்லை. உஸ் என்று ஒரு சத்தம் மட்டும். தறி ஓடாததால் நன்றாகக் கேட்டது. கனி என் முகத்தைப் பார்த்துவிட்டு தார்க்குச்சிகளை அடுக்க ஆரம்பித்தாள். மூணு நிமிஷத்துக்கு மேலேயே இருக்கும். பட்டன் தானாக எழும்பும்வரை கேட்டேன்.